முந்திக்கொண்ட தவணை

அத்தியாயம் 14

"பணம் போதலைங்களே," என்றார் ஆரோக்கியராஜ், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேறு யாருக்கோ சொல்கிறார் என்றுதான் பூவிழி முதலில் நினைத்தாள். பாப்பிரெட்டிப்பட்டி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை இரண்டாகத் தடுத்துப் பத்திரம் எழுதுகிற அந்த அறையில் எப்போதும் நாலைந்து குடும்பம் நிற்கும். ஆனால் அந்த நேரம் பெஞ்சில் இருந்தது மூன்றே பேர். அவள், அவள் புருஷன் மாதேஸ்வரன், நாத்தனார் கலைமணி.

"யாருக்குங்க போதலை?" என்று கேட்டான் மாதேஸ்வரன்.

"உங்களுக்குத்தான் தம்பி. முத்திரைக் கட்டணத்தை உங்க அக்கவுன்ட்லருந்து கட்டப் பார்த்தேன், போகல. ரெண்டு தடவை பண்ணிட்டேன்."

"அதெப்பிடிங்க? நேத்து மரவள்ளி காசு அப்பிடியே கெடந்துச்சே!"

கலைமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். அந்தக் கடைசிப் பார்வை பூவிழிக்கு முள்ளாகத் தைத்தது.

போன தை மாதம் மாமனார் முனியப்பன் கண்ணை மூடியதிலிருந்து இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் இவர்கள் குடும்பம் அல்லாடுகிறது. ஏரியோரத்து நிலம் அவர் பேரில் இருந்தது. கிணறு வற்றிவிட்டது, புது போர் போட வேண்டும். லோன் கேட்டுப் போன இடத்திலெல்லாம், "பட்டா உங்க பேர்ல இருக்குதா?" என்று ஒரே கேள்விதான். தங்கச்சி கலைமணியும் அம்மா காசியம்மாளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் காரியம் நடக்கும்.

ஓசூரில் வாழ்க்கைப்பட்ட கலைமணி வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிப் பலமுறை வராமலே இருந்துவிட்டாள். அவள் புருஷன் மாதவராஜுக்கு இதில் சம்மதமில்லை என்பது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் போன வாரம் திடீரென்று மனம் மாறிவிட்டார். "'போயிப் போட்டுட்டு வா'ன்னுட்டாருண்ணா," என்று கலைமணியே போனில் சொன்னபோது மாதேஸ்வரன் சந்தோஷத்தில் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

இன்று முதல் பஸ்ஸில் வந்தாள். சாயந்திரம் கிளம்ப வேண்டும். அம்மா மட்டும், "நீங்க முன்னாடி போங்க, கூப்பிட்டா வர்றேன்" என்று வீட்டிலேயே நின்றுகொண்டாள்.

இப்போது பணம் இல்லை என்கிறார் பத்திரம் எழுதுகிறவர்.

"கார்டு யார்கிட்ட இருக்குதுண்ணா?" என்றாள் கலைமணி. கேள்வி அண்ணனுக்கு. பார்வை வேறு பக்கம்.

மாதேஸ்வரன் யோசிக்காமல் சொன்னான். "பூவிழிகிட்ட."

"என்கிட்டதாங்க இருக்குது," என்று பூவிழி பையைத் திறந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நான் தொடவே இல்ல. போன மாசம் ரேஷனுக்குப் போறப்ப எடுத்தது. அப்புறம் எடுக்கல."

"நீ எடுத்தன்னு யாரு சொன்னா?" என்றான் மாதேஸ்வரன். ஆனால் அவன் குரலில் பாதி சந்தேகம் இருந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

அவளுக்கும் ஒரு சந்தேகம் இல்லாமல் இல்லை. சித்திரையில் இதே மாதிரிதான், சிநேகிதன் கோவிந்தனுடைய லாரி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்தபோது, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் இவன் பணம் எடுத்துக் கொடுத்தான். கேட்டபோது சிரித்து மழுப்பினான். இந்தத் தடவையும் அப்படி ஏதாவதா? நாத்தனார் எதிரில் எப்படிக் கேட்பது?

மாதேஸ்வரன் போனை எடுத்து மெசேஜைத் தேடினான். லோன் வேண்டுமா, ரீசார்ஜ் முடிகிறது, வாழ்த்துக்கள் நீங்கள் பரிசு வென்றீர்கள் என்று ஒரு குப்பைமேடே இருந்தது அதில். நடுவில் விடியற்காலையில் வந்த ஒரு மெசேஜ். பணம் எடுக்கப்பட்டது என்று மட்டும் புரிந்தது. யார் எடுத்தார்கள் என்ற இடத்தில் ஏதேதோ இங்கிலீஷ் எழுத்து, நடுநடுவே கோடு, நீளமாக நம்பர்.

"இது யாரு பேருங்க?" என்று ஆரோக்கியராஜிடம் நீட்டினான்.

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "பேரு மாதிரியே தெரியலையே. தம்பி, இப்பெல்லாம் போன்லயே உருவிடறானுங்க. எதையாச்சும் அமுக்கினீங்களா?"

"நான் எதையும் அமுக்கலைங்க!"

"வேற யார்கிட்டயாச்சும் வாங்கிப் போட்டுக் கட்டிடலாமா?" என்றாள் பூவிழி.

"போட்டா அதையும் எடுத்துட்டா என்ன பண்றது?" என்றான் மாதேஸ்வரன். அவன் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

ஆரோக்கியராஜ் கலைமணி பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க உங்க போன்லருந்து கட்டிடறீங்களா? இன்னைக்கு டோக்கன் இன்னும் ஒண்ணோ ரெண்டோதான் பாக்கி. பணம் கட்டினாத்தான் டோக்கன் போட முடியும்."

கலைமணி சிரித்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை. "எம் பங்க விட்டுக் குடுக்கறதுக்கு நானே பணமும் கட்டணுங்களா?"

வெளியே யாரோ ஒரு டோக்கன் நம்பரைக் கூவினார்கள்.

"மொதல்ல பேங்குக்குப் போயிப் பாத்துட்டு வாங்க," என்றார் ஆரோக்கியராஜ். "நான் முடிஞ்ச வரைக்கும் பிடிச்சு வைக்கறேன்."

பேங்க் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான். மாதேஸ்வரன் முன்னால் வேகமாக நடந்தான். பின்னால் பூவிழி. அவளுக்கும் பின்னால், நாலு அடி விட்டே வந்தாள் கலைமணி.

"ஏங்க," என்று பூவிழி அவனை எட்டிப் பிடித்தாள். "கோவிந்தண்ணனுக்குக் குடுத்தீங்களா? உண்மையச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவன் நின்றுவிட்டான். "எனக்கு உம்மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு வர்றேன். நீ என்னைக் கேக்கற!"

"எம்மேல என்னாங்க சந்தேகம்?"

"ஒங்க அம்மா வூட்ல கூரை போடறாங்கன்னு சொன்னியே..."

பத்து வருஷத்தில் அம்மா வீட்டுக்கு ஒரு தேங்காய் எடுத்துப் போனால்கூட இவனிடம் சொல்லாமல் போனதில்லை. பூவிழி கண்ணில் வந்ததைப் புறங்கையால் துடைத்தாள். பின்னால் வந்த கலைமணி இருவரையும் தாண்டிக்கொண்டு போனாள். காதில் விழுந்திருக்கும். விழாமல் இருக்க வழியில்லை.

பேங்கில் கூட்டம். கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் பேர்ப்பலகையில் தேவிப்பிரியா என்று எழுதியிருந்தது. கல்யாணமாகி வந்த புதுசு போல, மஞ்சள் சரடு வெளியே தெரிந்தது. பாஸ்புக்கை வாங்கி ஒரு நிமிஷம் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"திருட்டெல்லாம் இல்லைங்க. பயப்படாதீங்க. உங்க டிராக்டர் டியூதான் போயிருக்குது."

"டிராக்டர் டியூவா? அது பத்தாம் தேதிங்களே! இன்னைக்கு மூணுதானே ஆகுது?"

"ஆமாங்க, இது வரைக்கும் பத்தாம் தேதிதான் போயிட்டிருந்துச்சு. இந்த மாசம் முன்னாடியே கேட்டிருக்காங்க."

"அவங்க கேட்டா நீங்க குடுத்துடறதுங்களா? எங்களை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

தேவிப்பிரியா கோபப்படவில்லை. தினமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள். "லோன் வாங்கறப்ப, மாசா மாசம் நீங்களே எடுத்துக்கங்கன்னு பைனான்ஸ் கம்பெனிக்கு அனுமதி குடுத்திருப்பீங்கண்ணா. அந்த அனுமதி இருந்தா, அவங்க கேக்கற அன்னைக்கு நாங்க குடுத்துத்தான் ஆகணும். தேதி உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள பேச்சு. ஏன் மாத்தினாங்கன்னு அவங்களைத்தான் கேக்கணும்."

"மறுபடி பத்தாம் தேதியும் எடுப்பாங்களா?" என்று பூவிழி கேட்டாள்.

"நல்லாக் கேட்டீங்கக்கா. அதையும் அவங்ககிட்டயே கேட்டுக்கங்க."

பூவிழிக்கு ஒரு பக்கம் நிம்மதி. யாரும் திருடவில்லை. புருஷனும் எடுக்கவில்லை. ஆனால் மறு பக்கம் முன்னைவிடக் குழம்பியது. பால் காசு எட்டாம் தேதி வரும், பத்தாம் தேதி டிராக்டருக்குப் போகும். அப்படித்தான் மாசத்தை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதை யார் அவிழ்த்தது?

பேங்க் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று மாதேஸ்வரன் கம்பெனிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். பாட்டு ஓடியது. தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினான். மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண் குரல், மெட்ராஸ் பேச்சு.

"சார், உங்க தவணைத் தேதி இந்த மாசத்துலேர்ந்து மூணாம் தேதிக்கு மாறியிருக்கு சார். பத்தாம் தேதி திரும்ப எடுக்க மாட்டாங்க."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"சம்மதம் வாங்கித்தான் மாத்தியிருக்கோம் சார். பதிவான நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்காங்க. ஒரு லேடி எடுத்து, சரிங்கன்னு சொல்லியிருக்காங்க."

மாதேஸ்வரன் மெல்லத் திரும்பிப் பூவிழியைப் பார்த்தான்.

"என்னை எதுக்குங்க பாக்கறீங்க? எனக்கு யாரும் கூப்பிடல," என்றாள் அவள். பிறகு போனை நோக்கிக் குனிந்து, "எந்த நம்பருங்க அது? கடைசி நம்பரைச் சொல்லுங்க," என்றாள்.

"கடைசியில ஏழு ஏழு ஏழு ஏழு மேடம்."

அந்த நம்பரை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஃபேன்ஸி நம்பர் வேண்டுமென்று மாமனார் முனியப்பன் தருமபுரி வரைக்கும் போய் வாங்கி வந்தது. டிராக்டர் லோன் அவர் இருந்தபோது வாங்கியது. தவணை ஆரம்பத்திலிருந்தே மகன் கணக்கிலிருந்து போனதால், அவர் போன பிறகும் கம்பெனியில் அவர் நம்பரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"அப்பா நம்பரு," என்றான் மாதேஸ்வரன். பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினான். "அந்த போனு உங்கிட்டதானே இருக்குது? கருமாதி முடிஞ்சதும், அதுல போட்டோ இருக்குதுன்னு நீதான் எடுத்துட்டுப் போன!"

கலைமணிக்கு முகம் சிவந்தது. "போனுதாண்ணா எங்கிட்ட இருக்குது. சிம்மக் கழட்டி அன்னைக்கே அம்மா கையில குடுத்துட்டேன். நெசமாலும்."

"அம்மாகிட்ட போனே கெடையாதேடி!"

"அது எனக்குத் தெரியாது. சிம்மு எங்கிட்ட இல்ல."

காலையிலிருந்து தன் பக்கம் திரும்பியிருந்த சந்தேகம் இப்போது நாத்தனார் பக்கம் போய் நிற்பதைப் பூவிழி பார்த்தாள். அதில் சந்தோஷப்பட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் கலைமணியின் தாடை நடுங்குவதைப் பார்த்ததும் அது வரவில்லை. "அவ பொய் சொல்லலைங்க," என்றாள். "கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

மாதேஸ்வரன் அந்த நம்பரைப் போட்டான். ரிங் போயிற்று. மூன்றாவது ரிங்கில் எடுத்தார்கள்.

"அலோ... யாருங்க?"

அம்மாவின் குரல்.

அவன் கட் செய்தான். அதே நேரம் பூவிழியின் போன் அடித்தது. ஆரோக்கியராஜ். கடைசி டோக்கனும் போய்விட்டது, இனி திங்கட்கிழமைதான் என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காசியம்மாள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து விதைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் ஒன்றாக வந்து நின்ற தோரணையைப் பார்த்ததும் கை நின்றது.

"கையெழுத்து ஆயிடுச்சா? என்னைக் கூப்பிடவே இல்லையே?"

"அம்மா, உங்கிட்ட போனு இருக்குதா?" என்றான் மாதேஸ்வரன்.

காசியம்மாள் கடலைத் தோலை முறத்தில் ஒதுக்கினாள். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு சின்ன பட்டன் போனை எடுத்துத் தரையில் வைத்தாள். ஏதோ திருடிய சாமானை ஒப்படைப்பது போல இருந்தது.

"காரிமங்கலம் சந்தையில ஆட்டுக்குட்டி வித்த காசுல வாங்கினேன். ஏன், வாங்கக் கூடாதா?"

"வாங்குனதுக்கு ஒண்ணும் சொல்லலம்மா. பைனான்ஸ்காரங்க கூப்பிட்டாங்களா? தேதிய மாத்தறோம்னு சொன்னாங்களா?"

"யாரோ ஒரு புள்ள பேசுச்சு. முனியப்பன் சார் இருக்காருங்களான்னு கேட்டுச்சு. ஆமாங்கன்னேன். என்னென்னமோ சொல்லிச்சு. சரிங்களாம்மான்னுச்சு. சரிங்கன்னேன்."

"ஏம்மா ஆமான்னு சொன்ன? அப்பா இல்லன்னு சொல்லியிருந்தா அவங்க எங்கிட்ட கேட்டிருப்பாங்கல்ல? ஒரு நாளே போச்சும்மா! கலை வேற..." மாதேஸ்வரனுக்குக் குரல் ஏறியது.

காசியம்மாள் தலை நிமிரவில்லை. "இல்லன்னு சொன்னா அப்புறம் கூப்பிட மாட்டாங்களே கண்ணு."

"என்னாது?"

"உரக்கடையில கூப்பிடறாங்க. சொசைட்டியில கூப்பிடறாங்க. எல்லாரும் முனியப்பன் இருக்காரான்னு கேக்கறாங்க. உங்கப்பாரு பேரை இந்த வூட்ல இப்ப யாரு சொல்றீங்க? பத்திரத்துல எழுதறப்பதான் சொல்றீங்க. அதனால யாரு எது கேட்டாலும் சரிங்கன்னு சொல்லிடறேன். நல்லபடியாப் பேசி போனை வச்சிட்டு, மறுபடி கூப்பிடறாங்க."

மாதேஸ்வரன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். கலைமணி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து ஒவ்வொருவர் மேலும் மாறி மாறி விழுந்த சந்தேகம் கடைசியில் வந்து நின்ற இடம் இதுவா என்று பூவிழி நினைத்தாள். யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

மாதேஸ்வரன் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். "பூவிழி, உன்னை நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"நானும்தாங்க கேட்டேன்," என்றாள் அவள். "விடுங்க."

நாளைக்கே தருமபுரிக்குப் போய்ப் பழைய தேதிக்கு மாற்றச் சொல்ல வேண்டும், அப்படியே நம்பரையும் மாற்ற வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். கலைமணி கைப்பையைத் தோளில் மாட்டினாள். தருமபுரி பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் ஓசூர் போய்ச் சேர முடியும்.

அப்போதுதான் பூவிழிக்கு அந்தக் கேள்வி தோன்றியது. மாமியார் அருகில் குந்தி உட்கார்ந்து, பயமுறுத்தாத குரலில் கேட்டாள்.

"அத்தை, வேற யாருக்கெல்லாம் சரிங்கன்னு சொன்னீங்க?"

காசியம்மாள் யோசித்தாள். "உரக்கடைக்காரருக்கு ஒரு மூட்டைக்குச் சொன்னேன். அத அவரே அனுப்பாம விட்டுட்டாரு. அப்புறம்..." என்று நிறுத்தி மகளை ஒரு பார்வை பார்த்தாள். "அப்புறம் நம்ம மாப்ளைக்கு."

கலைமணி திரும்பினாள். "எம் வூட்டுக்காரருக்கா? உங்கிட்ட போனு இருக்கறது அவருக்குத் தெரியுமா?"

"போன வாரம் ரெண்டு மூணு தடவை பேசினாரு. தங்கமாப் பேசினாரு. சாப்டீங்களா அத்தைன்னாரு."

"எதுக்கும்மா சரின்ன?"

"கலை எழுதிக் குடுத்துடட்டும், நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க, உங்க பங்க எம் பேருக்கு எழுதிடுங்கன்னாரு. ஓசூர்ல கடை வைக்க லோன் வாங்கணுமாம், அதுக்கு அவரு பேர்லயே நெலம் காட்டணுமாம். அவ வயித்துக்குத்தானே போவுதுன்னு நெனச்சு சரிங்க மாப்ளைன்னேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாரு."

மாதேஸ்வரன் எழுந்தான். "அதனாலதான் காலையில எங்ககூட வரலையா?"

கலைமணியின் தோளிலிருந்து கைப்பை சரிந்தது. அவள் அண்ணனையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. பூவிழியிடம்தான் சொன்னாள். "அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது. 'நீ போயிப் போட்டுட்டு வா, உங்கம்மா இருக்காங்கல்ல'ன்னாரு. மனசு மாறிட்டாருன்னு நெனச்சேன். நேத்து பூ வாங்கிட்டு வந்து குடுத்தாரு, அண்ணி."

பூவிழி எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

தரையில் கிடந்த பட்டன் போன் அடித்தது.

காசியம்மாள் கையை நீட்டினாள். அதற்குள் கலைமணி குனிந்து எடுத்துவிட்டாள். சின்னத் திரையில் பேர் வரவில்லை, நம்பர்தான் வந்தது. அந்த நம்பரை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். பச்சை பட்டனை அமுக்கிக் காதில் வைத்தாள்.

"அத்தை," என்றது அந்தப் பக்கத்துக் குரல். போன் சத்தம் பெரிசு, கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. "கலை கையெழுத்துப் போட்டுட்டாளா?"

கலைமணி ஒரு முறை மூச்சை இழுத்து விட்டாள்.

"அத்தை இல்லைங்க. நாந்தான்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு மாதவராஜ், ஒன்றுமே நடக்காதவர் போல, "பஸ் ஏறிட்டியா?" என்றார்.

"இல்லைங்க," என்றாள் கலைமணி. "இன்னைக்கு நான் வரல."